மூன்றாம் தரம் சொல்லாத ஏலம்: கடைசி நொடிக் கருவிகளும் முடிவு விதியும்

பட்டர்வொர்த்தில் அம்மன் கோயில் திருவிழா முடிந்த பிறகு, அம்மனுக்குச் சாத்திய பட்டுப் புடவைகளை ஏலம் விடும் காட்சியை இந்த ஊர்க்காரர்கள் பார்த்திருப்பார்கள். செயலாளர் ஒலிவாங்கியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மடித்த புடவையை மறு முன்கையில் தொங்கவிட்டுக் காட்டுவார். “நூற்றைம்பது வெள்ளி… ஒரு தரம்.” கூட்டத்தைச் சுற்றிப் பார்ப்பார். “நூற்றைம்பது வெள்ளி… இரண்டு தரம்.” அப்போது தூணோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டி, பக்கத்திலிருக்கும் மருமகளிடம் ஏதோ சொல்லி, “நூற்று அறுபது” என்பார். செயலாளர் மூன்றாம் தரத்திற்குப் போகமாட்டார். “நூற்று அறுபது வெள்ளி… ஒரு தரம்” என்று முதலிலிருந்து தொடங்குவார்.

இந்தக் கட்டுரை சொல்ல வந்தது முழுக்க அந்தச் சிறிய செயலில் இருக்கிறது. புதிதாக ஒருவர் கேட்டவுடன் எண்ணிக்கை மீண்டும் ஒன்றுக்குத் திரும்புகிறது. முன்பு கேட்டவருக்கு யோசிக்க இடம் கிடைக்கிறது. யாரும் இனி கேட்கப்போவதில்லை என்று கூட்டமே கண்ணால் கண்ட பிறகுதான் புடவை கைமாறுகிறது. இணைய ஏலத்தில் பெரும் பகுதி இந்த விதியைக் கைவிட்டுவிட்டது. அங்கே சுத்தியலுக்குப் பதில் கடிகாரம். குறித்த நாளில், குறித்த மணியில், குறித்த நொடியில் ஏலம் முடிந்துவிடும். அந்த நொடிக்குச் சற்று முன்பாகத் தானாகவே கேள்வி போடும் மென்பொருள்கள் பிறந்தது இதனால்தான். ஆங்கிலம் பேசும் உலகம் இதை ஸ்னைப்பிங் என்கிறது, மறைந்திருந்து சுடுவது என்ற பொருளில். இங்கே இதைக் கடைசி நொடிக் கேள்வி என்று அழைக்கிறேன். அந்தக் கருவியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை விட, அதைப் பிறப்பித்த முடிவு விதியைக் கேள்வி கேட்க வேண்டும் என்பதே என் வாதம்.

சொல்லைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகலாம். மலாய்க்காரர்கள் ஏலத்தை லேலோங் என்கிறார்கள். அது லெய்லாவ் என்ற போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. நம் ஏலம் என்ற சொல்லையும் அகராதிக்காரர்கள் அதே மூலத்தோடுதான் சேர்க்கிறார்கள். கடல் வணிகத்தோடு இரு மொழிக்கும் வந்து சேர்ந்த அந்தச் சொல், இந்தக் கரையில் இரண்டாகப் பிரிந்து வாழ்கிறது. பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் “லேலோங், லேலோங்” என்று கூவுகிறவர் ஏலம் விடவில்லை, மலிவாக விற்கிறார். ஆனால் 1990-களின் இறுதியில் மலேசியாவில் தொடங்கிய இணைய ஏலத்தளம் ஒன்று அந்தச் சொல்லையே தன் பெயராக வைத்துக்கொண்டது. ஈபே நிறுவனம் 2004-இல் மலேசியாவுக்கென்று ஒரு தளம் திறந்தது. கூவி விற்ற ஊர், திரையைப் பார்த்து வாங்கப் பழகியது அந்த ஆண்டுகளில்தான்.

இனி கருவிக்கு வருவோம். எனக்குத் தெரிந்த நாணயச் சேகரிப்பாளர் ஒருவர் பட்டர்வொர்த்தில் அடுக்குமாடி வீடொன்றில் இருக்கிறார். கிழக்கிந்தியக் கம்பெனி பினாங்குக்கென்று அடித்த செப்புக் காசுகளும், 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சியின் வாழைமரப் படம் போட்ட பத்து டாலர் நோட்டுகளும் அவருடைய விருப்பம். பினாங்குக் காசு பினாங்கில் கிடைப்பது அரிது. காலனி அதிகாரிகளோடு கப்பலேறிப் போனவை பல. இன்று அவை இங்கிலாந்தில் பழைய வீடுகளின் இழுப்பறைகளிலிருந்து வெளியே வருகின்றன. அங்குள்ள விற்பனையாளர் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு ஏலம் முடியும்படி வைப்பார், அப்போதுதான் அவர் ஊரில் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள் என்பதால். அது கோடையில் நமக்குத் திங்கள் விடியற்காலை மூன்று மணி, குளிர்காலத்தில் நான்கு மணி.

முன்பெல்லாம் சேகரிப்பாளர் அலாரம் வைத்து எழுந்தார். எழுந்து, முகம் கழுவி, கணினியின் முன் உட்கார்ந்து, கடைசி நிமிடம் வரை பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பார். காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போக வேண்டும். இப்போது அவர் தூங்குகிறார். முந்தைய நாளே கிக்சென் என்ற சேவையில் பொருளின் எண்ணை இட்டு, தன் உச்சத் தொகையை இட்டு, முடிவுக்கு எத்தனை நொடி முன்னால் கேள்வி போக வேண்டும் என்று குறித்துவிடுகிறார். ஆறு நொடி என்று வைத்துக்கொள்ளலாம். ஈஸ்னைப் என்ற கட்டணச் சேவையும் இதே வேலையைச் செய்கிறது. ஒருவர் தன் சொந்தக் கணினியில் நிறுவிக்கொள்ளும் மென்பொருளும் உண்டு. ஆனால் பட்டர்வொர்த்திலிருந்து அமெரிக்காவிலுள்ள ஏலத்தளத்தின் கணினிக்கு ஒரு செய்தி போய்த் திரும்ப நொடியின் ஒரு பகுதி செல்கிறது. வீட்டு இணையம் மழைநாளில் தடுமாறினால் அதுவும் போதாது. ஆகவே, பலரும் வெளிநாட்டுச் சேவைக் கணினியையே நம்புகிறார்கள்.

இந்தக் கருவி எதற்காக என்று புரிய, ஈபேயின் ஏலமுறையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கேட்பவர் தன் உச்சத் தொகையை ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். தளம் அவருக்காக, அடுத்தவரைத் தாண்டத் தேவையான அளவு மட்டும், படிப்படியாக ஏற்றிக் கேட்கும். ஒரு காசுக்கு நான் 300 ரிங்கிட் வரை தர ஒப்புகிறேன், மற்றவர் 280 வரை என்றால், படி 5 ரிங்கிட்டாக இருந்தால், எனக்கு அது 285-க்குக் கிடைக்கும். வென்றவர் கொடுப்பது தன் விலையை அன்று, இரண்டாமவரின் விலையையும் ஒரு படியையும். இந்த வகை ஏலத்தின் கணிதத்தை 1961-இல் எழுதியவர் பொருளியலாளர் வில்லியம் விக்ரி. ஒவ்வொருவரும் பொருளின் மதிப்பைத் தனக்குத் தானே திடமாக அறிந்திருந்தால், உண்மையான உச்சத்தைச் சொல்லிவிடுவதே நல்லது, ஒளித்து வைப்பதில் லாபமில்லை என்று அவர் காட்டினார். 1996-இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட மூன்று நாளில் அவர் இறந்துபோனார்.

விக்ரி சரி என்றால், கடைசி ஆறு நொடி வரை காத்திருப்பதற்கு எந்தப் பயனும் இருக்கக் கூடாது. என் 300 முதல் நாளே போடப்பட்டிருந்தால், ஆறு நொடி முன்னால் 280-உடன் வந்து இறங்கும் கருவி என்னை ஒன்றும் செய்ய முடியாது. பலர் இதை மறந்துவிட்டு, கருவி தங்களைத் தோற்கடித்தது என்று மனம் வருந்துகிறார்கள். தோற்கடித்தது பெரும்பாலும் அவர்களுடைய குறைந்த தொகை. ஆனால், இது பாதிக் கதைதான். மனிதர்கள் கணிதப் பாடத்தில் வருவது போல் கேட்பதில்லை. “இப்போது 210-இல் நிற்கிறது, 215 போடலாம்” என்று கேட்டு, யாராவது தாண்டினால் “சரி, 225” என்று ஏற்றி ஏற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம். கோயில் ஏலத்தில் அந்தப் பாட்டி கேட்டதும் அப்படித்தான். அப்படிக் கேட்பவருக்கு மறுமொழி சொல்ல நேரமே இல்லாமல் செய்துவிடுகிறது கடைசி நொடிக் கேள்வி. கருவி அடிப்பது உச்சம் சொன்னவரை விட, உரையாடலாக ஏலத்தை நினைத்தவரை.

இதற்கு வலுவான சான்று இருக்கிறது. பொருளியலாளர்கள் ஆல்வின் ராத், ஆக்செல் ஆக்கன்ஃபெல்ஸ் ஆகிய இருவரும் 2002-இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் ஈபேயையும் அமேசானையும் ஒப்பிட்டார்கள். அப்போது அமேசானும் ஏலத்தளம் நடத்தி வந்தது. இரண்டின் விதிகளும் ஏறக்குறைய ஒன்று. வேறுபாடு முடிவில் மட்டும். ஈபே குறித்த நொடியில் முடிந்துவிடும். அமேசானில் குறித்த நேரம் வந்த பிறகும், பத்து நிமிடம் யாரும் கேட்காமல் கழிந்தால்தான் முடியும். ஈபேயில் கணினி ஏலங்களில் 40 விழுக்காட்டிலும், பழம்பொருள் ஏலங்களில் 59 விழுக்காட்டிலும், கடைசிக் கேள்வி இறுதி ஐந்து நிமிடத்தில் வந்தது. அமேசானில் இரு வகையிலும் அது சுமார் 3 விழுக்காடுதான். இன்னும் முக்கியமானது: ஈபேயில் அனுபவம் கூடக் கூட ஆட்கள் தாமதமாகக் கேட்கக் கற்றுக்கொண்டார்கள், அமேசானில் அனுபவம் அவர்களை அந்தப் பக்கம் தள்ளவில்லை. பின்னர் 2005-இல் டான் ஏரியலியோடு சேர்ந்து இவ்விருவரும் ஆய்வகத்தில் இதைச் சோதித்தபோது, முடிவு விதி ஒன்றே இந்த வேறுபாட்டை உண்டாக்கப் போதுமானது என்று கண்டார்கள்.

பழம்பொருளில் 59 என்ற எண்ணை நான் நாணயச் சேகரிப்பாளரோடு சேர்த்துப் படிக்கிறேன். கணினியின் மதிப்பு எல்லோருக்கும் தெரியும். பழைய காசின் மதிப்பை அறிந்தவர் சிலரே. பினாங்குச் செப்புக் காசு உண்மையானதா, வார்ப்பில் எடுத்த போலியா என்று விளிம்பைப் பார்த்துச் சொல்லக்கூடியவர் ஒருவர் முதல் நாளே கேள்வி போட்டால், அவர் யாரென்று ஊகித்தவர்கள் “அவரே கேட்கிறார் என்றால் நல்ல காசுதான்” என்று பின்தொடர்வார்கள். இருபது ஆண்டுப் படிப்பை இலவசமாக ஊருக்குக் கொடுத்த கதையாகிவிடும். ஆகவே அறிந்தவர் கடைசிவரை வாய் திறக்காமல் இருக்கிறார். இதைத் தந்திரம் என்று யாரும் இழிவாகச் சொல்லக் கூடாது. தன் அறிவைத் தன் பையில் வைத்துக்கொள்ள வணிகருக்கு உரிமை உண்டு.

கடைசி நொடி வேட்டை இணையம் கொண்டுவந்த புதுமையும் அன்று. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மெழுகுவத்தி ஏலம் இருந்தது. ஓரங்குல மெழுகுவத்தியை ஏற்றி வைப்பார்கள். சுடர் அணையும்போது கடைசியாகக் கேட்டவருக்குப் பொருள். பினாங்குத் தீவில் 1786-இல் கொடி நாட்டிய கிழக்கிந்தியக் கம்பெனியும் லண்டனில் தன் சரக்கை மெழுகுவத்தி வைத்து விற்றிருக்கிறது. ஆங்கிலேய அதிகாரி சாமுவேல் பெபீஸ் 1662 செப்டம்பரில் தன் நாட்குறிப்பில் ஒரு கப்பல் ஏலத்தை எழுதி வைத்திருக்கிறார். ஒருவர் மட்டும் சரியான கணத்தில் கேட்டு வென்றாராம். எப்படி என்று விசாரித்தபோது, சுடர் அணையும் முன் புகை கீழ்நோக்கி இறங்கும், அதைப் பார்த்துக் கேட்டேன் என்றாராம். முடிவு எப்போது வரும் என்பது முக்கியமாகிவிட்டால், முடிவைக் கணிக்கும் கலையில் ஒருவன் தேர்ச்சி பெறுவான். புகையைப் பார்த்தவரின் வாரிசுதான் கிக்சென்.

கருவிக்கு நான் தரும் பாதுகாப்பு வாதம் இதோடு நிற்கவில்லை. மலேசியாவின் 1957-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தில் 64-ஆம் பிரிவு ஏலத்தைப் பற்றியது. இந்தியாவின் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே எண்ணில் அதே பிரிவு இருக்கிறது. பினாங்குக்கும் மலாக்காவுக்கும் மலேசியச் சட்டம் 1990-இல்தான் விரிவுபடுத்தப்பட்டது. அதுவரை இங்கே ஆங்கிலச் சட்டமே இந்த இடத்தை நிரப்பியது. அந்தப் பிரிவு சொல்வதில் இங்கே முக்கியமானவை இரண்டு. ஏலம் விடுபவர் சுத்தியல் அடித்தோ, வழக்கமான வேறு முறையிலோ முடிவை அறிவிக்கும்போதுதான் விற்பனை நிறைவடைகிறது. அந்த அறிவிப்பு வரும் வரை கேட்டவர் தன் கேள்வியைத் திரும்பப் பெறலாம். மூன்று தரம் சொல்வது அந்த “வழக்கமான வேறு முறை” என்பதில் அடங்கும் என்றே நான் வாசிக்கிறேன்.

இணையத் தளத்தில் நிலைமை தலைகீழ். கேள்வி போட்டுவிட்டால், விதிவிலக்கான சில காரணங்களுக்கு மட்டுமே திரும்பப் பெறலாம். ஏழு நாள் ஏலத்தில் இரண்டாம் நாள் கேள்வி போட்டவர், மீதி ஐந்து நாளும் கட்டுண்டு கிடக்கிறார். அதற்குள் அதே காசு வேறொரு விற்பனையாளரிடம் குறைந்த விலைக்கு வரலாம், வீட்டில் மருத்துவச் செலவு வரலாம். கடைசி நொடிக் கருவியில் குறித்து வைத்த கேள்வி, அனுப்பப்படும் வரை தளத்திற்குத் தெரியாது. எந்த நேரத்திலும் அழித்துவிடலாம். சட்டம் காலங்காலமாகத் தந்திருந்த, தளங்கள் எடுத்துக்கொண்ட உரிமையைக் கருவி திருப்பித் தருகிறது. மேலும், அதில் கேள்விகளைக் குழுவாகக் கட்ட முடியும். ஒரே மாதிரியான நான்கு நோட்டுகள் நான்கு இடத்தில் ஏலத்தில் இருந்தால், நான்கிலும் குறித்து வைக்கலாம். முதலாவது கிடைத்தவுடன் மற்ற மூன்றும் தாமாக ரத்தாகும். இந்த வசதியைத் தளமே தந்திருக்க வேண்டும்.

மூன்றாவது நியாயம் போலிக் கேள்வியைப் பற்றியது. விற்பவரே ஆள் வைத்து விலையை ஏற்றுவது பழைய நோய். 64-ஆம் பிரிவு இதையும் அறிந்திருந்தது. விலையை ஏற்றுவதற்காகப் போலியாகக் கேட்டால், வாங்கியவர் விரும்பினால் விற்பனையை ரத்து செய்யலாம் என்கிறது. ஆனால் கோயில் மண்டபத்தில் செயலாளரின் மைத்துனர் கேட்பது எல்லோருக்கும் தெரியும். திரைக்குப் பின்னால் யார் என்பது தெரியாது. முதல் நாளே 300 என்று உச்சம் சொன்னவரின் விலையை, அந்நியக் கணக்கு ஒன்று ஐந்தைந்தாக ஏற்றித் தடவிப் பார்க்க முடியும். கடைசி ஆறு நொடியில் வந்த கேள்வியைத் தடவ நேரமில்லை. ஏமாற்றுக்கு எதிரான கவசமாகவும் கருவி வேலை செய்கிறது என்பதை மறுக்க முடியவில்லை.

இத்தனை சொன்ன பிறகும், கடைசி நொடிக் கேள்வி பெருகுவது நல்லது என்று நான் சொல்லமாட்டேன். இழப்பு யாருக்கு என்று பார்க்க வேண்டும்.

முதலில் விற்பவருக்கு. ஏற்றிக் கேட்க ஆயத்தமாக இருந்த ஒருவர், நேரம் கிடைத்திருந்தால் இன்னும் 20 ரிங்கிட் கொடுத்திருப்பார். அந்த 20 ரிங்கிட் போய்விடுகிறது. இது வசதியான விற்பனையாளருக்குப் பெரிதல்ல. இறந்துபோன தாத்தாவின் தபால்தலைத் தொகுப்பை விற்று ஈமச் செலவைக் கட்டும் குடும்பத்திற்கு அது பெரிது. அடுத்து, புதிதாக வந்தவருக்கு. ஆறு நாள் முன்னிலையில் இருந்து, ஏழாம் நாள் கடைசி மூச்சில் தோற்றவர் மீண்டும் வரத் தயங்குவார். இணைய ஏலம் மெல்லத் தேய்ந்து, நிலையான விலை விற்பனையாக மாறிப்போனதற்குப் பல காரணங்கள் உண்டு. ஏலத்தின் களிப்பைக் காட்டிலும் உடனே வாங்கும் வசதியை மக்கள் விரும்பியது முதன்மையானது. அந்தத் தேய்விலும் ஏமாற்றமடைந்த புதியவர்களுக்கு ஒரு பங்கு இருக்கும் என்பது என் கணிப்பு.

இன்னொரு இழப்பு பேசப்படாதது. கருவி நமக்காகக் கேட்க வேண்டுமானால், பல சேவைகளில் நம் ஏலக் கணக்கின் கடவுச்சொல்லை அதனிடம் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கோடு பணக் கணக்கு இணைந்திருக்கும். வங்கிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு அறிமுகமில்லாதவரிடம் கொடுப்பதற்கு இதுவும் சமம்தான். அதற்கென்று தனிக் கடவுச்சொல் வைத்து, வேலை முடிந்ததும் மாற்றிவிடுவதே குறைந்தபட்ச எச்சரிக்கை.

இவ்வளவு ஆபத்துக்கும் கிடைக்கும் லாபம் எவ்வளவு? ஆய்வாளர்கள் ஷான் கிரேயும் டேவிட் ரெய்லியும் ஒரே பொருளின் இரட்டைப் பிரதிகளுக்கு, ஒன்றில் முன்கூட்டியும் மற்றொன்றில் கடைசி நொடியிலும் கேட்டுப் பார்த்தார்கள். விலைக் குறைவு மிகச் சிறியதாக இருந்தது. புள்ளியியல் முறையில் அதை உறுதி என்று சொல்ல முடியவில்லை. ஜெஃப்ரி ஈலியும் தன்ஜிம் ஹொசைனும் திரைப்பட வட்டுகளில் செய்த சோதனையில், சிறியதானாலும் உறுதியான லாபம் தெரிந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கருவி யாரையும் பணக்காரராக்கவில்லை. அது தருவது தூக்கமும், மனம் மாறும் உரிமையும், மறைவும். பட்டர்வொர்த் சேகரிப்பாளரும் இதைத்தான் சொன்னார்: “வெள்ளி மிச்சமாகுதோ இல்லையோ, மூணு மணிக்கு எழுந்திரிக்க வேண்டாம்.”

அப்படியானால் மருந்து எது? மூன்று தரத்தைக் கணினிக்குள் கொண்டுவருவதே. அது கடினமானதன்று, பல இடங்களில் ஏற்கெனவே நடக்கிறது. தமிழ்நாட்டு நாளிதழ்களில் வங்கிகள் அடமானச் சொத்துகளுக்கு வெளியிடும் மின்-ஏல அறிவிப்புகளைப் புரட்டினால், ஏல நேரத்துக்கு அருகிலேயே ஒரு வரி இருக்கும்: ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் கொண்ட வரம்பற்ற நீட்டிப்புகளுடன். வங்கிக்கு வங்கி நிமிடம் மாறும், கருத்து மாறாது. கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது கேட்டால் இன்னும் ஐந்து நிமிடம் திறந்திருக்கும். கேள்வி வராத ஐந்து நிமிடம் கழிந்தால் முடியும். அந்தப் பாட்டி கேட்டதும் செயலாளர் “ஒரு தரம்” என்று திரும்பியதை ஒரு வங்கி சட்ட மொழியில் எழுதினால் இப்படித்தான் வரும். நியூசிலாந்தின் டிரேட் மீ தளம் இரண்டு நிமிடம் நீட்டிக்கிறது. ஜப்பானின் யாஹூ ஏலத்தில் விற்பவர் தானியங்கி நீட்டிப்பைத் தேர்ந்துகொள்ளலாம். நீட்டிப்பு இருக்கும் இடத்தில் கடைசி நொடிக் கருவியை யாரும் தடைசெய்யத் தேவையில்லை. அது வந்து கேட்கும், மற்றவர் மறுமொழி சொல்வார், ஏலம் தொடரும்.

எதிர்வாதங்கள் உண்டு. நீட்டிப்பு முடிவில்லாமல் போகும், ஆட்கள் சூடேறித் தகுதிக்கு மேல் கேட்டுவிடுவார்கள் என்பது ஒன்று. கோயில் ஏலத்தில் ஓர் எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் போவதைக் கண்டவர்களுக்கு இந்த அச்சம் புரியும். அங்கே அது காணிக்கை, வீடு வாங்கும் இடத்தில் அது கடன். இந்த அச்சத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் அதற்கு மருந்து நேரத்தைப் பிடுங்குவது ஆகாது. உச்சத் தொகையைத் தளத்திடம் முன்கூட்டியே சொல்லி வைக்கும் வசதியைக் கட்டாயமாக்குவது அதைவிட நல்லது.

இன்னொரு எதிர்வாதம் இதை விடக் கனமானது. நீட்டிப்பு விதியை வைத்தே மக்களைச் சுரண்டிய கதை உண்டு. ஜெர்மனியில் தொடங்கிய ஸ்வூப்போ என்ற தளத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் கட்டணம். ஒவ்வொரு கேள்வியும் கடிகாரத்தைச் சில நொடிகள் நீட்டும். பொருள் ஒருவருக்கு மலிவாகப் போகும், தோற்ற நூறு பேரின் கட்டணம் தளத்திற்குப் போகும். 2011-இல் அது திவாலானது. ஆகவே, நீட்டிப்பு என்ற சொல்லைப் பார்த்தே நம்பிவிடக் கூடாது. கேட்பதற்குக் கட்டணம் இல்லாதபோதுதான் மூன்று தரம் மூன்று தரமாக இருக்கும். செயலாளர் தன் “ஒரு தரத்துக்கு” யாரிடமும் பணம் வாங்குவதில்லை.

பழைய காசையும் புடவையையும் பற்றி இவ்வளவு பேசியதற்குக் காரணம், இணைய ஏலம் இப்போது வீட்டுக்கும் வந்துவிட்டது என்பதுதான். மலேசிய நீதிமன்றங்கள் 2018 முதல் அடமானச் சொத்து ஏலங்களை இ-லேலோங் என்ற இணைய முறைக்கு மாற்றத் தொடங்கின. கேட்க விரும்புபவர் ஒதுக்கு விலையில் 10 விழுக்காட்டை முன்வைப்பாகக் கட்ட வேண்டும். வென்ற பிறகு மீதியை 120 நாளில் செலுத்தாவிட்டால் அந்தப் பணம் போய்விடும். சாலைப் போக்குவரத்துத் துறை 2019-இல் வாகன எண்களுக்கு ஜேபிஜே இ-பிட் என்ற இணைய ஏலத்தைத் தொடங்கியது. அதற்கு முன் படிவத்தில் தொகையை எழுதி உறையிட்டுப் போட்டார்கள். மூடிய உறையில் கடைசி நொடி என்ற ஒன்றே கிடையாது. திறந்த திரை வந்ததும் அதுவும் கூடவே வந்துவிடலாம்.

தனியார் சேகரிப்பாளர் தளத்தில் எந்த விதி இருந்தாலும், பிடிக்காதவர் விலகிப் போகலாம். நீதிமன்ற ஏலத்தில் விலகிப் போக முடியாதவர் ஒருவர் இருக்கிறார். தவணை கட்ட முடியாமல் வீட்டை இழக்கும் கடனாளி. அவருடைய வீடு எவ்வளவுக்குப் போகிறதோ அவ்வளவு கடன் தீரும். மீதிக் கடன் அவர் தலையில் நிற்கும். செபராங் பிறையில் ஒரு தரைவீடு கடிகார முடிவால் பத்தாயிரம் ரிங்கிட் குறைவாகப் போனால், அந்தப் பத்தாயிரத்தை மாதம் மாதம் கட்டப்போவது வீடில்லாத ஒருவர். ஆகவே, காசு ஏலத்தில் நான் பொறுத்துக்கொள்ளும் கடிகார முடிவை, பொது அமைப்பு நடத்தும் ஏலத்தில், அதிலும் ஒருவர் விருப்பத்திற்கு மாறாக அவர் சொத்து விற்கப்படும் ஏலத்தில், பொறுத்துக்கொள்ள முடியாது. அங்கே நீட்டிப்பு விதி சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். எத்தனை நிமிடம் என்பதும் விற்பனை அறிவிப்பில் ஒதுக்கு விலைக்குப் பக்கத்தில் அச்சாக வேண்டும்.

இப்படி அச்சிடக் கேட்பதற்கு முன்மாதிரி உண்டு. மலேசியாவில் 2012-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குமுறை, இணையத்தில் விற்பவர் தன் பெயர், தொடர்பு, முழு விலை, விற்பனை நிபந்தனைகள் முதலியவற்றை வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்று கேட்டது. ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பது முடிவு விதி. அந்த விதியைப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் மறைப்பது, விலையை மறைப்பதற்குச் சமம் என்று கருதுவதே அந்த ஒழுங்குமுறையின் நோக்கத்திற்குப் பொருந்தும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஓர் ஏல அறிவிப்பு, வீட்டுக்கோ வண்டி எண்ணுக்கோ, உங்கள் கையில் வரும்போது, முடியும் நேரத்தைப் பார்த்தபின் இன்னொன்றையும் தேடுங்கள்: கடைசி நிமிடத்தில் ஒருவர் கேட்டால் என்ன ஆகும் என்ற வரி அதில் இருக்கிறதா? இல்லையென்றால், ஏலம் நடத்துபவருக்கு எழுதிக் கேளுங்கள். தமிழில், மலாயில், எந்த மொழியில் கேட்டாலும் சரி. எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.